அருவச் சொத்து

புல்வெட்டும் எந்திரம் உருவமுள்ள சொத்து.
அணிப் பேருந்து, பீர்க் குளிர்பெட்டி,
துருப்பிடித்த இரண்டு கோல்கம்பம்,
எல்லாம் உருவமுள்ளவை.
பிராய்மா கசாமா,
நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர், எண்பத்தொரு கிலோ,
அருவச் சொத்து.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது.
அல்மொரேல் கிளப் வாங்கியது ஆளை அல்ல,
அவன் பெயரை எங்கள் பட்டியலில் வைத்திருக்கும் உரிமையை.
நான்கு லட்சம் யூரோ. நான்கு வருடம்.
வருடத்துக்கு ஒரு லட்சம் அவனில் தேயும்,
பதினோரு கோல் அடித்த வருடமும்
அதே ஒரு லட்சம்தான்.

நாளை யாராவது அவனை வாங்கினால்
இருபது சதவீதம் லிஸ்பனில் அவன் பழைய கிளப்புக்கு,
பத்து ஏஜெண்டுக்கு,
ஐந்து அவனை வளர்த்தவர்களுக்கு.
பஃபட்டாவில் ஒரு செம்மண் மைதானம் அது,
வங்கிக் கணக்கு எண் கேட்டு மூன்று கடிதம் போட்டேன்.
மிச்சம் எங்களுடையது.
அந்த மிச்சத்தையும் தலைவர் அடகு வைத்திருக்கிறார்.

பிப்ரவரியில், மழையில், ஒரு சனிக்கிழமை,
இருநூற்றுப் பதினாறு பேர் பார்த்த ஆட்டம்.
வசூல் விளக்குகளின் மின்கட்டணத்துக்கே போதவில்லை.
நான் மாடியில் ரசீது அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அவன் கத்தியது கேட்கவில்லை.
இருநூற்றுப் பதினாறு பேர்
ஒன்றாக வாயடைத்தது கேட்டது.

ஜூன் கடைசியில் போர்ட்டோவிலிருந்து
தணிக்கையாளர் தெயொதோனியு போன் செய்தார்.
ஒரு படிவம், அதில் ஒரு கட்டம்:
இனி ஆடவே மாட்டான் என்பது தெளிவா?
தெளிவென்றால் டிக் போட வேண்டும்.
போட்டால், மிச்சமுள்ள இரண்டு லட்சமும் இன்றே நஷ்டம்.
நஷ்டம் அவ்வளவானால் லைசென்ஸ் இல்லை.
லைசென்ஸ் இல்லையென்றால்
டிவிப் பணம் இல்லை, இரண்டாம் டிவிஷன் இல்லை,
நாற்பத்து மூன்று பேருக்குச் சம்பளம் இல்லை.
நாற்பத்து மூன்றாவது நான்.

டாக்டர் எழுதியிருந்தார்:
காத்திருந்து பார்க்கலாம்.
மருத்துவர்கள் எழுதும் வாக்கியங்களில்
கணக்கருக்கு உயிர் கொடுப்பது இது ஒன்றுதான்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜூலையில் மாடிப்படி ஏறி வந்தான்,
ஊன்றுகோல் ஒவ்வொரு படியையும் தட்டித் தட்டி.
'கணக்கில் நான் இன்னும் இருக்கிறேனாமே, தோனா இல்தா?
காட்டுங்கள்.'
திரையைத் திருப்பினேன்.
விரலால் வரிசையில் இறங்கினான்.
புல்வெட்டும் எந்திரம், ஆயிரத்து நூற்று ஐம்பது.
இன்னும் கீழே அவன், இரண்டு லட்சம்.
சிரித்தான்.
'அதற்கு முழங்கால் கிடையாது,
அப்படியும் நான்தான் ஜாஸ்தி.'

பிறகு சிரிப்பு நின்றது.
'இந்தக் கட்டடத்தில்
நான் திரும்ப ஆடுவேன் என்று எழுத்தில் போட்டது
நீங்கள் ஒருவர்தான்.'

சொல்லியிருக்க வேண்டும்:
லைசென்ஸ், டிவிப் பணம், வங்கி, என் வீட்டு வாடகை.
தொண்டை வரை வந்த கணக்கு அது.
'எதுவும் எழுதவில்லை' என்றேன்,
'ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.'
அவன் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

அவன் அம்மா வறுத்தனுப்பிய முந்திரி,
ஏதோ மது இருந்த பழைய போத்தலில் கழுத்துவரை,
மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.
ஐம்பது யூரோவுக்கு மேற்பட்ட பரிசென்றால்
பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.
முந்திரிக்கு விதி இல்லை.
மூன்று நாள் மூடியைத் திறக்கவில்லை.
நான்காம் நாள் மதியச் சாப்பாடு கொண்டுவர மறந்துவிட்டேன்.

இப்போது அக்டோபர்.
ஜன்னலுக்குக் கீழே ஒற்றைக் காலில் நின்று
ரப்பர் பட்டையை இழுக்கிறான்,
தன் மொழியில் சத்தமாக எண்ணிக்கொண்டு.
மேலே நான் மாதக் கணக்கை முடிக்கிறேன்.
ஒரு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால்
எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று யூரோ,
முப்பத்து மூன்று சென்ட்,
அதற்கு மேலும் ஒரு துளி.
அந்தத் துளிக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.
ஒவ்வொரு மாதமும் அதை எங்கே வைப்பதென்று பார்க்கிறேன்.
கீழே எண்ணிக்கை
நாற்பதைத் தாண்டிப் போகிறது.